அண்ணன் தைத்த வயிறு

எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாது. அந்த வேலையெல்லாம் என் தங்கைதான் பார்ப்பாள். கல்யாணமாகிப் போன பிறகும், வீட்டுக்கு வந்தால் முதலில் என் சட்டைகளைத்தான் எடுத்துப் பார்ப்பாள்.

குடலில் ஓட்டை விழுந்து அவள் வந்தபோது நானே அறுத்தேன். கெட்டுப்போன பகுதியை வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தேன். சொந்தக்காரர்களை அறுக்கக் கூடாது என்பார்கள். என்னைவிட நன்றாகத் தைப்பவர் இந்த மருத்துவமனையில் யார், நீங்களே சொல்லுங்கள். கண் விழித்ததும் நர்ஸிடம், "பட்டன் தைக்கத் தெரியாத ஆளு என் குடலைத் தைச்சிருக்கு. சிரிச்சா பிரிஞ்சிடுமோ என்னவோ" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

சில நாளில் காய்ச்சல் வந்தது. வயிறு இறுகியது. விசாரிக்கும் நீங்கள் டாக்டர்கள். குறிப்பெடுக்கும் அம்மாவுக்காகச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் கிருமி பெரும்பாலும் சாதாரண மருந்துக்கே அடங்கிவிடும். எங்கள் வார்டில் ஒட்டிக்கொள்ளும் கிருமி அதற்கெல்லாம் மசியாது, பெரிய மருந்து வேண்டும். ஆனால் நான் அறுத்த வயிற்றுக்கு நானே அதை எழுதினால், வார்டே ஒன்றைத்தான் கேட்கும்: தையல் விட்டுவிட்டதா? குடலில் ஓட்டை விழுந்தபோதே வயிற்றில் சேர்ந்திருந்த சீழின் மிச்சம்தான் என்று சொல்லிவிட்டு, பழைய மருந்தையே தொடர்ந்தேன். ஸ்கேனும் வேண்டாம் என்றேன்.

கிருமிப் பரிசோதனைக் கூடத்து டாக்டரம்மா தானே படியேறி வந்தார்.

"சார், இது வெளியிலேர்ந்து வந்த கிருமி இல்ல. நம்ம வார்டுது. நீங்க குடுக்கிற மருந்துக்கு அசையவே அசையாது. இன்னைக்கே மாத்திடுங்க."

"லேப்ல வளர்றதெல்லாம் வயித்துலயும் வளரணும்னு இல்லையே, டாக்டர்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

தங்கையின் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரி, மச்சான்." அவளோ அந்தக் காய்ச்சலிலும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன் மூஞ்சியே சரியில்லண்ணா. சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே காய்ச்சல், அதே இறுகிய வயிறு. அவரை அறுத்தவர் வேறொரு டாக்டர். அன்று வார்டைச் சுற்றிப் பார்த்தது நான். தையல் விட்டிருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, அப்போதே பெரிய மருந்தை எழுதினேன். அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். ஆகவே, எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. என் தங்கைக்கு அதே மருந்தைப் போட்டபோது அவளுக்கு நினைவு தப்பியிருந்தது. தெரிந்தேதான் செய்தேன். அவளைக் கொன்றது நான்தான்.

தையல் உண்மையிலேயே விட்டிருந்ததா என்று கேட்கிறீர்கள். அது யாருக்கும் தெரியாது. பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று அவள் கணவரிடம் சொன்னது நான்தான். இன்னொரு முறை அவளை அறுக்கக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேறொன்றும் இல்லை.