தாளிச்சது யாரு கண்ணு?

நந்திதா: "ஏங்கண்ணு, இந்தக் கொள்ளுப்பருப்பைத் தாளிச்சது யாரு?" அப்பிடின்னு கேட்டாங்க, புவனாக்கா. சமைச்சது யாருன்னு கேக்கலை. தாளிச்சது யாருன்னு.

புவனா: யாரு, உன்ர மாமியாரா?

நந்திதா: வேற யாரு.

புவனா: நீ என்ன சொன்னே?

நந்திதா: நாந்தானுங்க அத்தைன்னேன். பொய்யில்லீங்களே. உங்க டப்பாவுல வர்றது வெறும் பருப்பு. கடுகு, கருவேப்பிலை, வரமொளகா எல்லாம் நாந்தான போட்டேன்.

புவனா: நான் தாளிக்காம அனுப்பறதே அதுக்குத்தான். ஃப்ரீசர்ல வெச்சா கருவேப்பிலை கருத்துப்போயிரும்ன்னு வர்றவங்ககிட்டச் சொல்லிக்கறது. நெசம் என்னன்னா, சாயந்திரம் ஊட்டுக்குள்ள தாளிப்பு வாசம் எந்திரிச்சாப் போதும். இப்ப வெந்ததா, போன வாரம் வெந்ததான்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க.

நந்திதா: எங்கூட்டுல கேட்டுப்போட்டாங்களே.

புவனா: கேட்டுப்போட்டு?

நந்திதா: "தாளிச்சது நீ. சரி"ன்னாங்க. சோத்தைப் பெசஞ்சாங்க, தின்னாங்க, தட்டைக் கழுவி வெச்சாங்க. அன்னியிலிருந்து சோத்துல ஒரு கொறை சொல்லலீங்க.

புவனா: நல்லதுதான. அதுக்கு முன்னால ஆறு மாசமா நீ என்கிட்ட அழுத அழுகை என்ன... உப்புப் பத்தலைங்கறாங்க, மல்லி வறுபடலைங்கறாங்க, இது பருப்பா பாயசமான்னு கேக்கறாங்க...

நந்திதா: அப்பெல்லாம் பயமில்லீங்க. இப்பத்தான் பயமா இருக்குது.

புவனா: அது சரி, எப்பவும் ஞாயித்துக்கெழமை டப்பா எடுக்க வர்றவ, இன்னிக்கென்ன சனிக்கெழமையே வந்து நிக்கறே?

நந்திதா: சும்மாதானுங்க. வாசல்ல ஒரு செருப்புக் கெடந்துச்சு... உள்ள ஆள் இருக்காங்களா?

புவனா: அது... வேலைக்கு வர்ற பெரியம்மாளுது. சனிக்கெழமை மட்டும் வருவாங்க. பொறத்தால கொள்ளு ஆட்டிட்டு இருக்காங்க. நீ சித்த மெதுவாப் பேசு.

நந்திதா: எதுக்குங்க மெதுவா?

புவனா: அவங்களுக்குச் சத்தம் ஆகாது.

நந்திதா: கிரைண்டர் இந்தக் கத்துக் கத்துது. எம்பேச்சா பெருசு?

புவனா: பையை நீட்டு அம்மணி. இது வெள்ளைக் குருமா. உருளைக்கெழங்கு போடலை, ஐஸுல சக்கையாப் போயிரும். இது தக்காளிக் கொழம்பு. மொத நா ராத்திரியே எடுத்து ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வெச்சிரு. போன வாட்டியாட்டம் டப்பாவோட சுடுதண்ணிக்குள்ள முக்காதே.

நந்திதா: கொள்ளு?

புவனா: அது இனித்தான் ஆறணும். சூட்டோட மூடுனா வேர்த்து, ஐஸுப் படிஞ்சு, அப்பறம் தண்ணி தனியா பருப்புத் தனியா நிக்கும். நீ போ. நான் ஆட்டோவுல குடுத்து உடறேன்.

நந்திதா: ஆட்டோக்காரர் மணியடிச்சா எங்கத்தை கதவைத் தொறப்பாங்க. ஐஸ் பொட்டியில வெக்கறது எழவூட்டுலதான்னு சொல்றவங்க அவங்க. ஓ... இன்னிக்குச் சனிக்கெழமையல்ல. ஊட்டுல இருக்கமாட்டாங்க.

புவனா: எங்க போயிட்டாங்க?

நந்திதா: சனிக்கெழமைன்னா காரமடை அரங்கநாதருதான். இங்க எங்ககூட வந்ததுல இருந்து வேண்டுதலாம். எங்கூட்டுக்காரர் கவினு இந்தத் துடியலூர் ஸ்டாப்புல எறக்கி உட்டுருவாரு. இங்கிருந்து பஸ்ஸு. பொழுதெறங்க வந்து எங்களுக்குத் துளசி குடுப்பாங்க.

புவனா: நல்ல பக்தி.

நந்திதா: ஆமாங்க. கோயிலுக்குப் போனவங்க சீலையில கற்பூரம் மணக்கும்பாங்க. எங்கத்தை சீலையில வறுத்த மல்லி மணக்குது.

புவனா: மல்லியா?

நந்திதா: அன்னதானத்துல ஒத்தாசை பண்றாங்களாட்ட இருக்குது.

புவனா: ஆமாமா. இருக்கும், இருக்கும். அங்க பெரிய பெரிய அண்டா வெப்பாங்க.

நந்திதா: அப்பிடித்தானுங்க நானும் நெனச்சுக்கிட்டேன்.

புவனா: பயம்ன்னயே, அது என்ன?

நந்திதா: சித்திரையில அவிநாசித் தேருக்குப் போறேன்னாங்க. போயிட்டு வாங்க அத்தைன்னேன். "வர்றதெங்க, அங்கயே ஊட்டைத் தொறந்து இருந்துக்கறேன்"ன்னாங்க. கவினு பதறிப்போயிட்டாரு. "ஏம்மா, இங்க உனக்கு என்ன கொறை?" "ஒரு கொறையும் இல்லப்பா. அதுக்குத்தான் போறேன்."

புவனா: வயசானவங்களுக்குச் சொந்த ஊரு நெனப்பு வர்றதுதான்.

நந்திதா: ஊரு நெனப்பெல்லாம் இல்லீங்க. அங்க ஊட்டைச் சுத்தி இப்ப பனியன் கம்பெனி. பேச ஒரு ஆளில்லை. நாந்தான் காரணம். இவங்க வந்த மொத நாளே கையில இருந்த கரண்டியைப் புடுங்கிட்டேன். "தோட்டத்து ஆளுகளுக்கெல்லாம் ஆக்கிப் போட்டது போதுமுங்க, இனி ரெஸ்ட் எடுங்க அத்தை"ன்னேன். ஒறம்பரை சொந்தமெல்லாம் மெச்சிட்டாங்க.

புவனா: மெச்சறாப்லதான சொல்லியிருக்கறே.

நந்திதா: கவினு இன்னமும் ஆபீசுல சொல்லிட்டுத் திரியறாரு, எங்கம்மாவை அடுப்படிப் பக்கமே உடறதில்லைன்னு. இவங்க டீவிக்கு முன்னால உக்காந்து கையைப் பெசஞ்சுட்டு இருப்பாங்க. நான் சரவணம்பட்டி ஆபீசுல இருந்து வந்து சேர இருட்டிப்போகும். ஆக்கிப் போடறேன்னு சொன்ன வாயாச்சே... அப்பறந்தான் உங்க டப்பாவைப் புடிச்சேன்.

புவனா: "அத்தை, ஒரு கொழம்பு வெச்சுக் குடுங்க"ன்னு கேட்டா ஆயிருச்சு.

நந்திதா: எப்பிடிக் கேக்கறது? நான் கேட்டா, மருமக வேலை வாங்கறாம்பாங்க. அவங்க கேட்டா, மருமக சோறு ஒத்து வரலைன்னு ஆயிரும். அதனால நானும் கேக்கலை, அவங்களும் கேக்கலை.

புவனா: ஒரு ஊட்டுல ரெண்டு பேரும் நல்லவங்களா இருந்தாக் கஷ்டந்தான் கண்ணு.

நந்திதா: அக்கா, எனக்கு அந்தப் பெரியம்மாளைப் பாக்கணும்.

புவனா: எந்தப்... எதுக்கு?

நந்திதா: கத்துக்கத்தான். அவங்க கடையற கொள்ளு எங்கத்தை கை கொள்ளாட்டவே இருக்குது. கவினே சொன்னாரு, "அம்மாகிட்டக் கத்துக்கிட்டயா"ன்னு.

புவனா: அது ஆகாது. வந்த அன்னிக்கே சொல்லிப்போட்டாங்க. "அம்மணி, நான் இங்க வர்றது ஒரு காக்காய்க்குத் தெரியக்கூடாது. காடு தோட்டம் வெச்சிருந்த குடும்பம். அடுத்தவங்க ஊட்டுல கரண்டி புடிக்கறேன்னா எம்பையனுக்குக் கொறச்சல்"ன்னாங்க. அப்பறம் எதுக்கு வர்றீங்கன்னு கேட்டேன். "கை சும்மா இருக்கமாட்டேங்குது"ன்னாங்க.

நந்திதா: பையனுக்குத் தெரியாதா?

புவனா: ஒண்ணும் தெரியாது, பாவம்.

நந்திதா: மருமகளுக்கு?

புவனா: மருமகளுக்கு... நீ எதுக்கு அடுத்தவங்க ஊட்டு நாயமெல்லாம் கேக்கறே? டீ குடிக்கறயா?

நந்திதா: குடிக்கறேன். அக்கா, மேசை மேல இருக்கறது எங்கூட்டுத் தூக்குவாளிதானுங்க?

புவனா: எது... ஆமா, உன்னுதுதான். என்ர டப்பா ஒண்ணைத் தொலைச்சுப்போட்டு, போன மாசம் அதுக்குப் பதிலா கொண்டாந்து குடுத்தயே.

நந்திதா: பளபளன்னு வெளக்கி வெச்சிருக்கறீங்க.

புவனா: நான் எங்க... அது பெரியம்மா வெளக்கறது. எல்லாத்தையுந்தான் வெளக்குவாங்க.

நந்திதா: மத்த பாத்திரமெல்லாம் இப்பிடி இல்லீங்களே. அட, இதுல பேரு வெட்டியிருக்குது.

புவனா: நான் பாக்கலை.

நந்திதா: கொட்டை கொட்டையா வெட்டியிருக்குது. "பா. கருப்பாத்தாள், அவிநாசி." எங்கத்தை கல்யாணத்துக்கு அவங்கப்பா பாலுசாமி குடுத்த சீர்ப் பாத்திரம்.

புவனா: கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தே தெரியாது அம்மணி.

நந்திதா: பெரியம்மாளுக்குத் தெரியுமுங்களா?

புவனா: இரு, டீ வெக்கறேன்.

நந்திதா: கிரைண்டர் நின்னுபோச்சு.

புவனா: கரண்டு போயிருக்கும்.

நந்திதா: ஃபேன் ஓடுதுங்க.

புவனா: ம்... சரி. இனி மறைச்சு என்ன ஆவப்போவுது. பாத்தாங்க. அன்னிக்கு உன்ர கொள்ளை ஊத்தறதுக்கு இந்தத் தூக்கைக் கையில எடுத்தவங்க அப்பிடியே நின்னுட்டாங்க. முந்தியில பேரைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாங்க. "இது யாரு ஊட்டுக்குப் போவுது"ன்னாங்க. சரவணம்பட்டியில ஆபீசு போற பொண்ணு, மாமியாளுக்குத் தெரியாம வாங்குதுன்னேன்.

நந்திதா: அய்யோ.

புவனா: சிரிச்சாங்க பாரு... கரண்டியைக் கீழ வெச்சுட்டுச் சிரிச்சாங்க. "நான் கடைஞ்ச பருப்பை நானே உப்பில்லைன்னு வஞ்சிருக்கறேன். அதைக் கேட்டுட்டு நீயும் என்கிட்ட வந்து சொல்லுவே, உப்பை எச்சாப் போடுங்கன்னு. போட்டேன். அங்க போயி உப்புக் கரிக்குதுன்னேன்"ன்னாங்க.

நந்திதா: அப்பறம்?

புவனா: அப்பறம் என்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாங்க. "அந்தப் புள்ளைக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வெக்கப்பட்டுப் போகும்"ன்னாங்க. இந்தத் தூக்குல ஊத்தவே உடலை. அன்னியிலிருந்து உன்ர டப்பாவை மட்டும் தனியா எடுக்கறாங்க. பாப்பா திங்கோணும்ன்னு மொளகாயைக் கொறைச்சு.

நந்திதா: அதுதான் எங்க இனியா ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் திங்கறா.

புவனா: சத்தியத்தை ஒடைச்சுப்போட்டேன். அரங்கநாதரு என்னைத்தான் கேப்பாரு.

நந்திதா: அவருக்கும் இதுல பங்கிருக்குதுங்க. சும்மா இருப்பாரு. நான் கொஞ்சம் சத்தமாப் பேசிக்கறேன் அக்கா.

புவனா: வேண்டாங்கண்ணு...

நந்திதா: ஏனுங்க பெரியம்மா. கதவுக்குப் பொறத்தால நிக்கறது ஆருன்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாதவங்ககிட்டச் சொல்றாப்ல ஒண்ணு சொல்றேன். எங்கத்தைக்கு நான் ரெஸ்ட்டுக் குடுக்கலை. நல்ல பேரு வாங்கறதுக்குக் கரண்டியைப் புடுங்கிக்கிட்டேன். எனக்குத் தாளிக்க மட்டுந்தான் தெரியும். மிச்சத்துக்கு எங்கூட்டுல ஆள் வேணும். தேர் பாத்துட்டுத் திரும்பி வரோணும்ன்னு அவங்களைக் கண்டாச் சொல்லுங்க.

புவனா: ... வர்றாங்க.

நந்திதா: நான் செவுத்தைப் பாத்துத் திரும்பிக்கறேன். முகத்தைப் பாத்தாச் சங்கடப்படுவாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க.

புவனா: கையைக் கழுவுனாங்க. முந்தியில தொடைக்கறாங்க. பையை எடுத்துட்டாங்க... ஏனுங்க பெரியம்மா, கொள்ளு இன்னும் ஆறலீங்களே. யாரு டப்பாவுல போடறது... அடுத்த சனிக்கெழமை வருவீங்களா? பெரியம்மா... வாயைத் தொறக்கமாட்டேங்கறாங்க கண்ணு.

நந்திதா: தூக்கு?

புவனா: எடுத்துக்கிட்டாங்க. பையில கூடப் போடலை, கையில புடிச்சிருக்காங்க. செருப்பை மாட்டிட்டாங்க.

நந்திதா: பஸ் ஸ்டாப்புக்கா போறாங்க?

புவனா: இரு, ஜன்னல்ல பாக்கறேன். ரோட்டைத் தாண்டிட்டாங்க... எதிர்த்தாப்ல முஜீப் பாய் மளிகைக்கடை முன்னால நிக்கறாங்க. தூக்கைத் தொறந்து நீட்டறாங்க. பாய் எந்தச் சாக்குல கையை உடறாரு... கொள்ளுச் சாக்கு கண்ணு. தூக்குலயே கொட்டறாரு.

நந்திதா: ரொம்பவா?

புவனா: கழுத்து மட்டும். மூடிட்டாங்க. ஆட்டோவைக் கை காட்டறாங்க... ஏறிட்டாங்க. காரமடைப் பக்கமில்லை, உங்கூட்டுப் பக்கம். திரும்பிக்கூடப் பாக்கலை. ஒத்த வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?

நந்திதா: அதான் கொள்ளு வாங்கிட்டாங்களே அக்கா.

புவனா: நீ மூக்கைச் சிந்து. எனக்கல்ல அழுகை வரோணும். இருந்த ஒரு நல்ல கையும் போச்சு, வாரந்தவறாம வாங்குன ஒரு ஊடும் போச்சு. எல்லாம் அந்தத் தூக்கால வந்தது. மறதியா ஒரு பாத்திரத்தைக் கொண்டாந்து குடுத்து என்ர பொழப்பையே...

நந்திதா: மறதியா யாருங்க குடுத்தா? போன மாசம் ஒரு சனிக்கெழமை இந்த வழியா வந்தேன். உங்க வாசல்ல எங்கத்தை செருப்புக் கெடந்துச்சு, வாரு அந்துபோயி நானே ஊசிநூல் போட்டுத் தெச்ச செருப்பு. கூப்புடாமத் திரும்பி ஊட்டுக்குப் போயி, லாஃப்டுல ஏறி, அவங்க பேரு வெட்டுன பாத்திரம் எது எதுன்னு தேடித்தானுங்க அந்தத் தூக்கை எடுத்தேன்.