தையல்காரரைப் பற்றிய கலந்துரையாடல்

எனக்குச் சர்க்கரை போடாத டீதான் பிடிக்கும். அன்று அந்தப் பயிற்சி மருத்துவர் மறக்காமல் அப்படியே வாங்கி வந்திருந்தாள்.

மனநலப் பிரிவில் இளம் மருத்துவர்களை நாங்கள் இப்படித்தான் மதிப்பிடுவோம். தாங்கள் பார்த்த நோயாளி ஒருவரைப் பற்றி என் அறையில் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன முடிவெடுத்தாய், ஏன் எடுத்தாய் என்று கிளறிக் கிளறிக் கேட்பேன். விடையை எடுத்துக்கொடுக்க மாட்டேன்.

அவள் ஒரு தையல்காரரைப் பற்றிப் பேசினாள். வாழவே பிடிக்கவில்லை என்று வந்து சேர்ந்தவர். அன்று காலைதான் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள்.

"நேத்துலேருந்து ஆளே மாறிட்டார் சார். நல்லாத் தூங்கினார், சிரிச்சுப் பேசினார். 'மனசு லேசாயிடுச்சும்மா'ன்னார். கடையில யாரையும் தொடவிடாத கத்தரிக்கோலைக்கூட, பார்க்க வந்த மச்சானையே எடுத்துக்கச் சொல்லிக் கொடுத்துட்டார்."

"அதை நீ எப்படிப் புரிஞ்சுக்கிட்ட?"

"பழசையெல்லாம் விட்டுட்டார்னு சார்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு ஒரு தையல்காரர் நிம்மதியாகச் சிரிக்கிறார் என்றால், அவர் சாவதற்குத் தயாராகிவிட்டார். அவர் மனைவியின் எண் என் முன்னால் திறந்திருந்த கோப்பிலேயே இருந்தது.

நான் டீயைக் குடித்தேன். "வேற ஏதாவது தோணுதா?" என்று கேட்டேன். அவளுக்குத் தோன்றவில்லை. "சரிம்மா, போயிட்டு வா" என்றேன். அவளுடைய மதிப்பீட்டுத் தாளில் முடிவெடுக்கும் திறன் போதாது என்று எழுதி, கோப்பை மூடினேன்.

சாயங்காலம் அவர் மனைவி அழுதுகொண்டே போன் செய்தார். எல்லாம் முடிந்திருந்தது.

மதிப்பீட்டின் நடுவில் விடை சொல்வது முறையல்ல என்று, அந்தச் சாவைப் பற்றி விசாரணை நடத்திய உங்களிடம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அது சப்பைக்கட்டு. அந்தக் கலந்துரையாடலுக்கு முந்தைய வாரம் நான் எழுதிய மருந்தளவு தவறு என்று வார்டில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். "விடுங்க சார், யானைக்கும் அடி சறுக்கும்" என்று தலைமைச் செவிலியர் சமாதானம் சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். முளைத்து மூன்று இலை விடாதவள் என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். அவள் சறுக்குவதைப் பார்க்கக் காத்திருந்தேன்.

இப்போது அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாளின் போனை வைத்ததும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நல்லவேளை, நான் எழுதிய மதிப்பீடு சரிதான் என்று நிம்மதி வந்தது.