அடிபம்புக்குப் பக்கத்துக் குழி

மத்தியானம் ரெண்டு மணி. ரெண்டாயிரத்தஞ்சு, கத்திரி வெயில். மரக்காணம் தாண்டி ஈசிஆர்ல ஒரு வண்டி கிடையாது. உப்பளத்துல ஒரு ஆள் கிடையாது. நான் ஐஸ் பெட்டி மேல உட்கார்ந்து புளிசோறு தின்னுட்டிருந்தேன்...

படக்!

என் தொண்ணூறு கிலோவுக்கு மூடி உள்ளே போச்சு. ஏழாம் நம்பர் பாட்டில் தூள். பேய்க் கதையெல்லாம் சிநேகிதனோட மச்சானுக்குத்தான் நடக்கும். இவ்வளவு கேவலமா ஆரம்பிக்கிறது எனக்கு மட்டும்தான்.

மூடிக்கிடந்த பெட்ரோல் பங்க் அது. பூமிக்குள்ள இருந்த டேங்கை உப்பு அரிச்சு, பெட்ரோல் கசிஞ்சு, மண்ணெல்லாம் நாத்தம். டேங்கைத் தூக்கிட்டாங்க. அந்தக் குழியில மண் எடுத்து, பாட்டில்ல அடைச்சு, பாண்டிச்சேரி லேபுக்குக் கொண்டுபோறது எங்க வேலை. ஏழாம் நம்பர், அடிபம்புப் பக்கத்து மண். அது கெட்டிருந்தா பம்பை மூடிடுவாங்க.

குப்பத்து ஜனமெல்லாம் பஞ்சாயத்துக் குழாய்க்கு மாறிட்டாங்க. உப்பளத்துல வேலை செய்யுற பொன்னி மட்டும் இங்கேயே குடம் வைப்பா. "நாறுதே, ஏம்மா இதைக் குடிக்கிற?"ன்னு காலையில கேட்டேன். முந்தானையால மூஞ்சியைத் துடைச்சிட்டுப் போயிட்டா.

கூட்டாளி அறிவழகன் மத்த பாட்டில்களோட வேன்ல ஏறினான். "ஏம்பா, ஏழாம் நம்பரை மறுபடி எடுத்துக்கினு பஸ்ல வா. எது மேலயும் உட்காராத."

தனியா குழியில இறங்கினேன். பாட்டில் விளிம்பு வரைக்கும் மண்ணை அமுக்கி, மூடியைத் திருகினேன். குழியில இருக்கிறவன் நம்பரும் ஆழமும் கத்தணும். மேல நிக்கிறவன் அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கணும். பழக்கதோஷம்... கத்திட்டேன்.

"ஏழு! ரெண்டு மீட்டர்!"

"ஏழு... ரெண்டு மீட்டர்."

ஏணியில காலை வச்சேன். அப்புறம்தான்... அறிவழகன் கிளம்பி அரைமணி ஆச்சே.

அண்ணாந்து பார்த்தேன். வெறும் வானம்.

"இன்னும் கீழ இருக்குது."

குரல் மேலேர்ந்து வரல... என் பூட்ஸுக்கு அடியிலேர்ந்து.

ஏணியில எட்டுப் படி. நான் மிதிச்சது ரெண்டு.

குழிக்குள்ள யாரு பேசுறதுன்னு பங்க் வாட்ச்மேன் தேவநாதனைக் கேட்டேன். "காத்து சார்"ன்னான். ஒரு இலை அசையல. "அப்ப வெயில் சார்"ன்னான்.

கிறீச்... கிறீச்... பம்படியில பொன்னி. அவ கண்ணு என் பாட்டில் மேலேயே இருந்தது.

"ஏம்மா, கீழ யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. போன வருஷம் டேங்க் கழுவ இறங்கினாரு. உள்ள மயக்கம் வந்துச்சான்னு தெரியணும் இல்ல? நான் மேலேர்ந்து கூப்பிட்டுக்கினே இருந்தேன். அவரு பதில் சொல்லிக்கினே இருந்தாரு... நின்னுபோச்சு."

உள்ளங்கையில தண்ணியை அள்ளினா. பெட்ரோல் நாத்தம் குப்புன்னு அடிச்சுது.

"இத வாய்கிட்ட கொண்டுபோனா பேசுறாரு சார். குடிக்காத, குடிக்காதன்னு."

"சொல்றாருல்ல? நிறுத்திடேம்மா."

"நிறுத்திப் பார்த்தேன் சார். மூணு நாளு... ஒரு சத்தமும் இல்ல."