கண்ணை மூடிச் சேவித்த டால்பின்

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஒட்டுக்கேட்கிறவள் இல்லை. அவர்கள்தான் ஊருக்கே கேட்கப் பேசினார்கள்.

"கோவாவிலே படகிலே போனோமே, டால்பின் வந்ததும் எல்லாருமா கண்ணை மூடிண்டுட்டோம், மன்னி."

"ஏண்டி?"

"மாமியார் 'மச்சாவதாரம், சேவிச்சுக்கோங்கோ'ன்னா. வீடியோ எடுத்துண்டிருந்த இவரும் போனைப் பையிலே போட்டுட்டுக் கன்னத்திலே போட்டுண்டார். கண்ணைத் திறந்தா வெறும் தண்ணி."

"யாருமே பார்க்கலையா?"

"படகுக்காரன் பார்த்தான். தென்னூர் ஓர்ப்படி வேற, போன வருஷம் அவா பார்த்த டால்பினை ஸ்டேட்டஸ்லே போட்டுட்டு, உங்க வீடியோ எங்கேன்னு பிடுங்கி எடுக்கறா."

"ஐயோ, மானம் போயிடுமே! என்ன சொன்னே?"

"திவ்யமான சேவை ஆச்சு, சந்நிதியிலே போட்டோ எடுக்கப்படாதுன்னுட்டேன்."