இரண்டு கையையும் தூக்கியவர்கள்

தனுஷ்கோடியிலிருந்து ராமேஸ்வரம் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் கேமராவோடு ஒரு பெண்ணும் அவள் தோழியும் இருந்தார்கள்.

“அஞ்சாவது ஆளுடி! இவங்களும் ரெண்டு கையையும் தூக்கிட்டாங்க!” என்றாள் கேமராக்காரி.

வலை உதறுபவர், கடலில் முங்கி எழுந்தவர், தலை துவட்டும் சிறுமி, பட்டம் விடுபவர் என்று நாலு படங்களைத் தள்ளிக் காட்டினாள். ஐந்தாவதில் ரோட்டோர மணலில் ஒரு அம்மா. பின்னால் வெறும் வானம்.

“இதுதான் கண்காட்சிக்கு. சாயங்காலத்துக்குள்ள தலைப்போட அனுப்பணும். ‘துஆ’ன்னு வைக்கவா?”

“துஆ கேட்டு அல்லாகிட்ட வேண்டுறப்ப கை நெஞ்சுக்கு நேரா இருக்கும் நஸ்ரின். இது சரணடையிற மாதிரியில்ல இருக்கு.”

“புயல்ல போன ஊருடி. வானத்துக்கிட்ட நியாயம் கேக்குறாங்க! எனக்குப் புல்லரிக்குது!”

பக்கத்து சீட்டில் மீன்கூடையோடு இருந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

“இது நாந்தானே? காலையில எடுத்தியா?”

நஸ்ரினின் குரல் இறங்கிவிட்டது. “ஆமாம்மா. அனுப்பலாமா? வேணாம்னா அழிச்சிர்றேன்.”

“ஏத்தா, எதுக்கு அழிக்கணும்? இந்த பஸ்ஸ நிப்பாட்டத்தான் கையக் காட்டுனேன். நிக்காமப் போயிட்டான். மூணு நாளா இதே கூத்துதான். நல்லாப் பெருசாப் போட்டு அனுப்பு. கீழ பஸ் நம்பரையும் எழுது!”

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

“அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு அங்கன நிப்பீங்க?” என்று கேட்டார்.