ஊருக்குப் போகாதவளின் மொட்டைமாடி

மாட்டுங்காவிலிருந்து இந்த வெக்கையிலும் வந்து தலைமை தாங்கும் பெருமதிப்பிற்குரிய ஐயா அனந்தநாராயணன் அவர்களே! முன்வரிசையில் முந்தானையால் விசிறிக்கொண்டே முகம் சுளிக்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! தகிக்கும் பட்டறைகளைத் தாழிட்டுவிட்டு வந்திருக்கும் தாராவித் தம்பிமார்களே! மே மாதம் ஊருக்குப் போக இப்போதே பெட்டி கட்டத் தொடங்கிவிட்ட பாக்கியவான்களே! உங்கள் அனைவருக்கும் முப்பிடாதியம்மாளின் பணிவான வணக்கம்.

'கோடையில் வீட்டுத் தோட்டம்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பூத்துக் குலுங்கும் பேச்சை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். டிராம்பேயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் விடியலிலிருந்து தோசைக்கல் முன்னால் நின்றுவிட்டு, பஸ் பிடித்து, நேராக இங்கே வருகிறேன். களைத்த கால்களோடு நிற்கிறேன். களைத்த குரலோடு பேசுகிறேன்.

எங்கள் தோட்டம் எது? நான்கு மாடிக் கட்டடம், லிப்ட் கிடையாது, அதன் தலையில் ஒரு மொட்டைமாடி. அங்கே பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை, ஓட்டை வாளியில் துளசி, நீல டிரம்மில் மருதாணி. அதுதான் எங்கள் சோலை! அதுதான் எங்கள் சொத்து! அதுதான் எங்கள் சுவாசம்!

மே மாதம் பிறந்தால் என்ன நடக்கும்? பள்ளிக்கூடம் மூடும், பாதிக் கட்டடம் திருநெல்வேலிக்கு ரயிலேறும். கேண்டீன் மூடாது, எனவே முப்பிடாதி ஏறமாட்டாள். போகிறவர்கள் ஒவ்வொருவராக என் கதவைத் தட்டுவார்கள். "யக்கா, நீங்க இங்கனதான இருப்பிய? நம்ம ரோசாவுக்கு ஒரு மக்கு தண்ணி ஊத்திருங்க!" சிரிக்கிறீர்களா? சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்த வசனத்தை என்னிடம் பேசியவர்கள்தான்!

போன வருடம் என் பக்கத்து வீட்டு மர்யம் வந்தாள். ஜெயினுலாப்தீன் பாயின் மனைவி. "மழைக்கப்புறம் எம்மவ உமைராவுக்கு நிக்காஹ் வச்சிருக்கோம். நம்ம செடி மருதாணிதான் கைக்கு வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. பாத்துக்கிடுங்கக்கா" என்றாள். பாத்துக்கிடுதேன் என்றேன். சொன்ன சொல்லுக்கு என்ன கனம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் போன சில நாட்களில் கட்டடத்து மோட்டார் கருகியது. மோட்டார் பார்க்கிற ஆள் எங்கே? அவரும் ஊருக்குப் போயிருந்தார்! தண்ணீர் கீழ்த்தளக் குழாயோடு நின்றுவிட்டது. என்ன அங்கே பின்னாலிருந்து? "பைப் போட்டு ஊத்திருக்கலாமே"யா? தம்பி, பைப் இருந்தது. அதற்குள் வரத் தண்ணீர்தான் இல்லை.

தூக்கினேன். வேலைக்குப் போகுமுன் தூக்கினேன். வேலை விட்டு வந்து தூக்கினேன். ஒவ்வொரு மாடியிலும் வாளியை வைத்துவிட்டு மூச்சு வாங்கினேன். அரிசி களைந்த நீரைக்கூட வீணாக்காமல் மேலே கொண்டுபோனேன். வெயில் விட்டதா? சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. சுவர் அனலைக் கக்கியது. ஊற்றிய நீர் ஊறுமுன்னே உலர்ந்தது.

ஒரு சாயங்காலம் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. மேலே கொண்டுவந்த வாளியில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு பக்கம் மருதாணி, இலை சுருண்டு நிற்கிறது. மறு பக்கம் என் பிச்சிக்கொடி. தாதர் சந்தையில் வாங்கிவந்து, கம்பியில் ஏற்றி, வருடக்கணக்கில் என் தலைக்குப் பூ கொடுத்த கொடி! இரண்டுக்கும் போதாது. இன்னொரு தடவை இறங்கி ஏற உடம்பில் தெம்பு இல்லை. என்ன செய்வேன் தாய்மார்களே? அடுத்த வீட்டுக்காரி நம்பி விட்டுப்போனதற்கே ஊற்றினேன். அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும். பிச்சி இலை பழுத்தது, உதிர்ந்தது, கம்பி மட்டும் மிஞ்சியது.

ஜூனில் எல்லோரும் திரும்பினார்கள். மூன்றாம் மாடிச் செல்வம் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "என்னக்கா, ஒரு ரோசா கருகிட்டு? தண்ணி ஊத்தலியா?" நான் வாளியைக் கவிழ்த்து வைத்தேன். பேசவும் அலுப்பாக இருந்தது.

அப்புறம் உமைரா வந்தாள். மருதாணியைத் தொட்டுப் பார்த்தாள். வெறும் கம்பியையும் பார்த்தாள். "அரே! உங்க பிச்சி எங்கக்கா?"

"காஞ்சிட்டும்மா."

"எங்க செடி மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?" சட்டென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. "பாகல் ஹோ க்யா அக்கா? கிறுக்கா உங்களுக்கு? மருதாணி கடையில கிடைக்காதா? ஒரு போன் போட்டிருந்தா, போனாப் போகட்டும், விடுங்கன்னு சொல்லிருப்பேன்லா!"

அதுவரை வராத அழுகை அப்போது வந்தது ஐயா. கொடி காய்ந்தபோது அழவில்லை. முழங்கால் வீங்கியபோது அழவில்லை. ஒருத்தி கேட்டுவிட்டாள் என்றதும் அழுதேன். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அந்த இலையைத்தான் அரைத்தார்கள். என் கையிலும் அப்பிவிட்டாள். இப்போது சான்பாடாவில் நன்றாக இருக்கிறாள்.

செடி வாடினால் உடனே பார்க்கிறோமே, ஊற்றுகிறவள் வாடினால் பார்த்தோமா? வேருக்கு ஈரம் இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கிறோமே, வாளி தூக்குகிறவளிடம் 'நீ தண்ணீர் குடித்தாயா' என்று கேட்டோமா? தோட்டம் என்பது தொட்டி மட்டுமா? தண்ணீர் மட்டுமா? தூக்குகிற தோளும் தோட்டம்தானே!

ஆகவே அறிவிக்கிறேன். கேண்டீனில் லீவு கேட்டேன், கிடைத்துவிட்டது. இந்த மே மாதம் முப்பிடாதியும் ஊருக்குப் போகிறாள்!

ஏன் இந்த அமைதி? யார் ஊற்றுவது என்ற கவலையா? அதோ, கை தூக்குவது யார்? செல்வமா? மைக் எட்டாது, நானே சொல்கிறேன். "இந்தத் தடவை நான் போவலக்கா, நான் ஊத்துதேன்" என்கிறார். கைதட்டுங்கள்!

கேட்டுக்கோ செல்வம். வெயில் ஏறுமுன் ஊற்று. உச்சிப் பொழுதில் ஊற்றாதே. தொட்டிகளை நெருக்கி வைத்து, பச்சை வலை கட்டு. மண்மேல் தேங்காய் நாரைப் பரப்பு. உரம் வேண்டாம்; மழை வரட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் ஒன்று: முடியாத நாளில் எனக்கு ஒரு போன் போடு. உன் ரோஜாவோ, ஊரார் செடியோ, "போனால் போகட்டும், நீ போய்ப் படு" என்று சொல்ல நான் இருக்கிறேன்.

நின்று பேச இடமும், உட்கார்ந்து கேட்கச் செவியும் தந்த உங்களுக்கு என் நன்றி. ஊருக்குப் போகிறவர்களுக்கும், இங்கேயே இருக்கிறவர்களுக்கும் என் வணக்கம்.