வாப்பாவுக்கு ஒரு பட்டன்

கல்முனையிலிருந்து ஒலுவிலுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு கம்பஸ் மாணவிகள். மடியில் லெப்டொப் வைத்திருந்தவள் சொன்னாள்: "ஜன்னல் திறக்குதே இல்லகா."

பஸ் ஜன்னல்களெல்லாம் திறந்தே கிடந்தன.

"ஸ்க்ரீன்ல ஜன்னல், பட்டன் வரையிற டூல்கிட்ட இன்ஸ்டோல் பண்ணினயா?" என்றாள் தோழி.

"ஓம், மூணு தரம். ஸ்ட்ரோக் வந்த பொறகு வாப்பாக்குக் கதைக்க ஏலா. அவர் பட்டனத் தொட்டா இது கதைக்கணும்."

தோழி திரையைக் கூர்ந்து பார்த்தாள். "இந்த லெப்டொப்ல பைதன் மொழி ரெண்டு வெர்ஷன் கிடக்கு. டூல்கிட்ட ஒண்டுல போட்டுட்டு, ப்ரோக்ராம மத்ததுல ஓட்டுறாய். மாத்திப் பாரு."

காரைதீவு தாண்டும்போது திரையில் ஜன்னல் திறந்தது. அதில் ஒரேயொரு பட்டன். தொட்டாள்.

"தண்ணி வேணும்" என்றது லெப்டொப், பஸ்ஸுக்கே கேட்கும்படி.

அவர்களுக்கு முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே தன் தண்ணீர்ப் போத்தலைப் பின்னால் நீட்டினார்.